'கூப்பரிங்' - தமிழ் என்ன?

அனைவருக்கும் வணக்கம். 1950களின் அமெரிக்க மாவாலைக் கையேடு ஒன்று தமிழாகிறது, திங்கள்கிழமை கெடு. சரக்கு ரயிலின் 'பாக்ஸ்கார்' மூடுபெட்டி ஆகிவிட்டது. இடறுவது 'கூப்பரிங்'. மூட்டை ஏற்றுமுன் 40 அடிப் பெட்டியின் உட்புறத்தைத் தயார்செய்யும் வேலை: துருத்திய ஆணிகளைப் பிடுங்கி, பழைய தானியத்தைச் சுரண்டிப் பெருக்கி, தரைக்கும் சுவருக்கும் கிராஃப்ட் எனும் தடித்த பழுப்புக் காகிதம் அடிப்பது. 'செப்பனிடல்' போதுமா?

*

ஐயா, செப்பனிடல் பழுதான பெட்டிக்கு. இது ஓடுகிற பெட்டி, மாவுக்கு மட்டும் ஆகாதது. ஓர் ஆணிமுனை போதும், 100 பவுண்டுத் துணிமூட்டை இழுபடும்போது அடியில் கிழியும். சுவர்ப்பலகைக்குப் பின்னால் தேங்கிய கோதுமையில் மாவுவண்டு குடியிருக்கும். முன்பு பச்சைத்தோல் ஏற்றிய பெட்டி என்றால் காகிதமும் காப்பாற்றாது. மாவு வாடையை இழுத்துக்கொள்ளும். திருப்பி அனுப்பத்தான் வேண்டும்.

ஆங்கிலத்தில் 'கூப்பர்' என்றால் பீப்பாய்த் தச்சர். அங்கே மாவும் முன்பு 196 பவுண்டுப் பீப்பாயில்தான் போயிற்று. நம் கடற்கரையில் மரக்கலத்தின் பலகை இடுக்கை அடைப்பதற்குக் 'கலப்பத்து' என்ற சொல் இருக்கிறதே, எடுத்தாளலாம்.

*

> கலப்பத்து

அரபு 'கல்ஃபத்', போர்த்துகீசு 'கலஃபெத்தார்'. ஒரு கடன்சொல்லை விலக்க இன்னொன்றா?

*

இல்லை ஐயா. கலம் + பற்று = கலப்பற்று. மரம் + பெட்டி மரப்பெட்டி ஆவதுபோல மகரம் கெட்டு வல்லினம் மிகுந்தது. கலம் என்றால் கப்பல் மட்டுமா? பாத்திரமும் கலமே, மூடுபெட்டியும் ஆகலாம். வண்டிக்கே 'சாகாடு' இருக்கிறது: "பீலிபெய் சாகாடும் அச்சிறும்". பண்டம் ஏற்றுவதைப் 'பெய்தல்' என்கிறார் வள்ளுவர். புறநானூற்றில் ஔவையாரும் "சகடம் பண்டம் பெரிதுபெய் தன்றே" என்கிறார். 'பெயல்முன் பற்று' என்றால் என்ன குறை?

*

'பெயல்' என்றால் வாசகர் மழை என்றே எடுத்துக்கொள்வார். மாவுப் பெட்டியில் அச்சு முறிவதல்ல கவலை. யார்டில் பெட்டிகள் மோதும்போது இடைவெளி விட்ட அடுக்கு சரிந்து கதவில் சாயும். பிறகு கதவு நகராது. அதனால்தான் இரு கோடியிலிருந்தும் நெருக்கி அடுக்கி நடுவுக்கு வருவார்கள்.

சொல் ஒன்றல்ல, வேலை இரண்டு. கோதுமையைக் கொட்டி ஏற்றினால் கதவுவாயில் உட்புறம் பலகை அடிப்பார்கள்: உள்ளே இருப்பது வெளியே சிந்தக் கூடாது. மாவுக்குத் தலைகீழ்: ஈரம், அழுக்கு, பூச்சி, எதுவும் மூட்டையை அண்டக் கூடாது. முன்னதற்குக் 'கதவடைப்பு', பின்னதற்கு 'உள்ளுறையிடல்'.

*

உள்ளுறை என்றதும் தொல்காப்பியம் படித்தவர்களுக்கு உவமம்தான் நினைவு வரும். 'அகவுறையிடல்' எனலாம்.

*

பெரும்பாலோர் சரி என்பதால் 'அகவுறையிடல்' என்றே அனுப்புகிறேன். கலப்பற்று அடிக்குறிப்பில். அடுத்த அத்தியாயம் ஏர்ஸ்லைடு பெட்டி: சரிவான துணித்தளத்தின் அடியிலிருந்து காற்று ஊதினால் மாவு தண்ணீர்போல் ஓடி இறங்கும், மூட்டையே கிடையாது. அதற்கும் சொல் வேண்டும்.

*

அடிக்குறிப்பில் வைத்த சொல் யார் வாயிலும் வராது, ஐயா. கதவடைப்பும் அடைப்பு வேலைதானே? தானியப் பத்தியிலாவது கலப்பற்றை உள்ளே விடுங்கள்.