தொடர் நிகழ்வா, மீள்நிகழ்வா, பயில்நிகழ்வா?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
அனைவருக்கும் வணக்கம். பாலக்காடு மாவட்டச் சித்தூர் வட்டத்துத் தமிழ்வழி மாணவர்களுக்கான கணினிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நினைவூட்டிச் செயலிப் பாடத்தில் ஒரு சொல் சிக்கிக்கொண்டு நிற்கிறது. ஒருதடவை தேதி கொடுத்துவிட்டால் வாரமோ மாதமோ தவறாமல் வந்து மணியடிக்கிறதே, அந்த நிகழ்வுக்கு என்ன பெயர்? பழைய படியில் ‘தொடர் நிகழ்வு’ என்று இருக்கிறது. கல்பாத்தித் தேர் மூன்று நாள் தொடர்ந்து ஓடுகிறது என்று பிள்ளைகள் அதை இதில் பதிகிறார்கள். அடுத்த வாரமும் தேருக்கு மணியடிக்கிறது!

செங்கோட்டையிலிருந்து:
டீச்சர், அஞ்சலகத்தில் மாதாமாதம் கட்டும் கணக்கு ‘தொடர் வைப்பு’தானே? யாருக்கும் குழப்பமில்லையே. வேண்டாமென்றால் ‘மீள்நிகழ்வு’ வையுங்கள். வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும்.

நகரியிலிருந்து:
பொருந்தாது ஐயா. மீள்பதிவு என்றால் முன்பு போட்டதை இன்னொருதரம் போடுவது. மீட்பு, மீட்சி எல்லாம் போனது திரும்புவதைச் சொல்பவை. இங்கே எதுவும் போகவில்லை, இனிமேல்தான் வரப்போகிறது. யாப்பில் ‘மோனை பயின்று வந்துள்ளது’ என்கிறோம். திரும்பத் திரும்ப வருவதற்கு நம்மிடம் உள்ள சொல் பயில்தல். ‘நவில்தொறும் நூல்நயம் போலும் பயில்தொறும்’ என்ற குறளில் (783) பழகப் பழக என்ற பொருளும் அதே வேரிலிருந்துதான் கிளைக்கிறது. ‘பயில்நிகழ்வு’ என்பதே என் முடிவு.

நாகர்கோவிலிலிருந்து:
பயில்நிகழ்வு என்றால் பயிற்சி வகுப்பு என்றுதான் பிள்ளைகள் நினைக்கும். ‘ஆவர்த்தனம்’ மலையாளத்திலும் உண்டு, தெலுங்கிலும் உண்டு. எல்லைப் பிள்ளைகளுக்கு எளிது. கச்சேரியில் தனி ஆவர்த்தனம் கேட்கிறோம், வேதியியலில் ஆவர்த்தன அட்டவணையும் படித்தோம்.

நகரியிலிருந்து:
அண்ணாச்சி, அதைத் ‘தனிம வரிசை அட்டவணை’ ஆக்கிய பிறகு எந்தப் பிள்ளைக்குப் புரியாமல் போயிற்று? எல்லையில் இருக்கிறோம் என்பதற்காக நம் சொல்லை விடக் கூடாது. எல்லையில்தான் இன்னும் இறுகப் பிடிக்க வேண்டும்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
உங்கள் குறளே எனக்கு வழிகாட்டியது. ‘தொறும்’, இன்றைய ‘தோறும்’. மலையாளத்திலும் அதே தோறும். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு பக்கமும் தெரிந்த சொல். திரையில் நாள்தோறும், வாரந்தோறும், மாதந்தோறும், ஆண்டுதோறும் என்று நான்கு பொத்தான்கள் போதும். இடைவெளி கூடினால் ‘ஒருவாரம் விட்டு ஒருவாரம்’.

ஆனால் மாதந்தோறும் என்பதில் ஒரு பள்ளம் இருக்கிறது. தேதி 31 என்று கொடுத்துப் பாருங்கள். நாட்காட்டிச் செயலிகளுக்குப் பொதுவான ஐகேலண்டர் தரம் (ஆர்.எஃப்.சி. 5545 என்ற இணையத் தர ஆவணம், 2009) இல்லாத தேதியைத் தள்ளிவிடச் சொல்கிறது. அதன்படி மணி ஆண்டுக்கு ஏழு தடவைதான் அடிக்கும். வேறு சில செயலிகள் மாதக் கடைசி நாளுக்கு இழுத்துவிடுகின்றன. வாடகை, சீட்டுப் பணம் எல்லாம் மாதக் கடைசியில்தான். ஆகவே ‘மாதக் கடைசி நாள்தோறும்’ என்று தனிப் பொத்தான் கேட்டிருக்கிறேன். சொல்லைவிட இதுதான் எனக்குக் கவலை.

செங்கோட்டையிலிருந்து:
தோறும் இடைச்சொல், தலைப்பில் தனியாக நிற்காது. பெயர்ச்சொல் ஒன்று வேண்டுமே.

நாகர்கோவிலிலிருந்து:
நட்சத்திரப் பிறந்தநாளை என்ன செய்வீர்கள்? ஆவணி அவிட்டம் என்று பிறந்தவனுக்கு ஆங்கிலத் தேதி ஆண்டுதோறும் மாறுமே. திருத்தணி ஆடிக் கிருத்திகையும் அப்படித்தான்.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:
வேற்று நாட்காட்டிகளுக்கு 2015இல் ஆர்.எஃப்.சி. 7529 வந்தது. எங்கள் செயலியில் அது இல்லை. பஞ்சாங்கம் பார்த்து ஒவ்வோர் ஆண்டும் தனித்தனியாகப் பதியச் சொல்லிப் பாடத்தில் எழுதிவிட்டேன். தலைப்புக்கு நால்வர் ‘மீள்நிகழ்வு’ என்று தனிமடல் போட்டிருக்கிறார்கள். அதையே வைக்கிறேன், பொத்தான்களில் தோறும்.

நகரியிலிருந்து:
அச்சாகட்டும். நான் உடன்படவில்லை என்பதைக் குறித்துவையுங்கள். அடுத்த பதிப்பில் பயில்நிகழ்வை மறுபடி எடுத்து வருவேன்.