பழைய கோவா சாந்தா மோனிக்கா கன்னியர் மடம்: கட்டுமானக் கட்டங்களைப் பிரித்தறிய உதவி தேவை

வணக்கம். 1606இல் தொடங்கி 1627இல் முடிந்த இந்த அகஸ்தீனிய மடம் 1636இல் தீப்பற்றி, மறு ஆண்டே மீண்டும் கட்டப்பட்டது. மூன்று மாடி, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், முழுக்கச் செம்புரைக்கல் (லேட்டரைட்). தீக்கு முந்தைய சுவர் எது, பிந்தையது எது என்று பிரித்துக் காட்டும் அளவு வரைபடங்கள் யாரிடமாவது உண்டா?

முக்கியமாக வெளிப்புற முட்டுச்சுவர்கள், அதாவது சுவர் சாயாமல் வெளியிலிருந்து தாங்கும் கட்டுகள். அவை பிற்சேர்க்கையா என்பதை இணைப்பில்தான் பார்க்க வேண்டும்: கற்கள் பிரதான சுவருக்குள் மாறிமாறிக் கோத்திருந்தால் ஒரே காலம், நேர்கோட்டு வெடிப்போடு ஒட்டி மட்டும் நின்றால் பிந்தையது. பூச்சு மூடியிருப்பதால் இது வெளியே தெரிவதில்லை. பூச்சு உதிர்ந்த காலத்துப் படங்கள் இருந்தால், மங்கலாக இருந்தாலும் போடுங்கள். எந்தப் பக்கச் சுவர், எந்த ஆண்டு என்ற குறிப்பு அவசியம். அது இல்லாத படத்தால் பயன் குறைவு.

இன்னொன்று: செம்புரைக்கல் மீது சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உப்பு உள்ளேயே படிந்து கல் பொடியும். எனவே எந்தப் பகுதியில் சுண்ணாம்புப் பூச்சு, எங்கே சிமெண்ட் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். மாதிரிக்காகச் சுவரைச் சுரண்ட வேண்டாம், தயவுசெய்து.