லிட்டில்கோட் மாளிகை விடுதி: டாரெல் கடவும் எரிந்த சிசுவும்

பதிவு 1

இங்கிலாந்தில் வில்ட்ஷயரின் கிழக்கு ஓரத்தில், ஹங்கர்ஃபோர்ட் ஊருக்குச் சற்று மேற்கே, கென்னட் ஆற்றங்கரையில் இருக்கிறது லிட்டில்கோட் மாளிகை. இப்போது தங்கும் விடுதி. அங்கே கண்டதையும் கேட்டதையும் இந்த இழையில் எழுத வருகிறவர்கள் முதலில் மூலக் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் போனால், வழிகாட்டி சொன்னது எது, கண் கண்டது எது என்று பிரிக்கவே முடியாது.

1575. கிரேட் ஷெஃபோர்ட் கிராமத்து மருத்துவச்சி மதர் பார்ன்ஸை நள்ளிரவில் ஆட்கள் வந்து அழைக்கிறார்கள். சார்ல்டன் நைவெட் சீமாட்டிக்குப் பிரசவம் என்று சொல்லி, குதிரையில் வேறொரு வீட்டுக்குக் கொண்டுபோகிறார்கள். கட்டிலில் முகத்தை மறைத்துக்கொண்ட ஒரு பெண். அறையில் கறுப்பு வெல்வெட் அங்கி போட்ட ஒரு கனவான். குழந்தை பிறக்கிறது. அதைக் கணப்புத் தீயில் போடச் சொல்கிறான், அவள் கெஞ்சுகிறாள், அவனே போட்டுவிடுகிறான். இது அவள் தன் கடைசிக் காலத்தில் அந்தோனி பிரிட்ஜஸ் என்ற நீதிபதியிடம் கொடுத்த வாக்குமூலம்.

கவனியுங்கள்: வாக்குமூலத்தில் லிட்டில்கோட் என்ற பெயர் இல்லை. அப்போதைய உரிமையாளர் வில்லியம் டாரெலின் பெயரும் இல்லை. அவள் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போனது, அவள் படிகளை எண்ணியது, படுக்கைத் திரையில் துண்டு வெட்டி ஒளித்துவைத்தது எல்லாம் பிற்பாடு ஒட்டியவை. கதையைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் பழங்கதைகளைத் திரட்டி எழுதிய ஜான் ஆப்ரி. அவர் பிறந்ததே 1626இல்.

ஆனாலும் டாரெல் மீதான சந்தேகம் வெறும் ஊர்ப்பேச்சு இல்லை. 1579 ஜனவரியில் சர் ஹென்றி நைவெட், லாங்லீட் மாளிகையின் சர் ஜான் தின்னுக்கு ஒரு கடிதம் எழுதினார். தின்னிடம் வேலை பார்த்த பான்ஹம் என்பவரின் தங்கை டாரெலோடு வாழ்ந்துவந்தாள். அவளுக்குப் பிறந்த குழந்தைகள் எத்தனை, அவை என்ன ஆயின என்று விசாரிக்கச் சொல்கிறது அந்தக் கடிதம். எந்த ஆவி அனுபவத்தையும் விட என்னை உலுக்குவது இந்த ஒரு கேள்விதான்.

பதிவு 2

மேலே உள்ளதற்கு ஒரு சேர்க்கை. டாரெல் 1589இல் குதிரையிலிருந்து விழுந்து இறந்தார். வேலியைத் தாண்டக் கட்டியிருந்த மரப்படியருகே எரியும் குழந்தையின் உருவம் தோன்றிக் குதிரை மிரண்டது என்பது ஐதிகம். அந்த இடத்தை இன்றும் ‘டாரெல் கடவு’ என்றுதான் சொல்கிறார்கள். இரவில் அங்கே குதிரைகள் மிரளும் என்பார்கள். மாளிகைக்குள் சொல்லப்படுவது வேறு: மாடிப்படித் திருப்பத்திலும் படுக்கையறையிலும் கைக்குழந்தையோடு ஒரு பெண்.

டாரெல் நீதிபதி ஜான் பாப்பமுக்கு லிட்டில்கோட்டை லஞ்சமாகக் கொடுத்துக் கொலைக் குற்றத்திலிருந்து தப்பினார் என்று எழுதுபவர்கள் தேதியைப் பார்ப்பதில்லை. பாப்பம் தலைமை நீதிபதி ஆனது 1592இல். அப்போது டாரெல் இறந்து மூன்று வருஷம். டாரெல் உயிரோடிருந்தபோது பாப்பம் அரசுத் தலைமை வழக்கறிஞர். டாரெலுக்குப் பின் சொத்து அவருக்கு வரும்படி எழுதிவைத்தது உண்மை. தண்டனை கொடுக்கும் நாற்காலியில் அவர் அப்போது இல்லை.

டாரெல் இறந்த நாளில் கடவருகே இரவு காத்திருக்க நினைப்பவர்களுக்கு: அக்டோபர் 1 என்பது பழைய ஜூலியன் கணக்கு. இங்கிலாந்து 1752இல்தான் நாள்காட்டியை மாற்றியது. இன்றைய கணக்கில் அது அக்டோபர் 11.

பதிவு 3

இங்கே கேட்டதாகவும் கண்டதாகவும் சொல்பவற்றில் நான் அழுகுரல், வெண்ணுருவம் இரண்டையும் மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

குழந்தை அலறல். டிசம்பரும் ஜனவரியும் நரிகள் இணை சேரும் காலம். பெண் நரியின் கத்தலைக் கேட்டால் பெண்ணோ குழந்தையோ கதறுவது போலவே இருக்கும், தெரிந்தவர்களுக்கே மயிர்க்கூச்செறியும். வருஷம் முழுக்க வெண்ணிற ஆந்தையின் கீறல் சத்தமும் உண்டு. அது பறக்கும்போது சிறகு ஓசை எழாது என்பதால், வெள்ளையாக ஒன்று மிதந்துபோனது என்று எழுதுவார்கள். குரல் வந்த மாதமும் திசையும் இல்லாத பதிவால் பயனில்லை.

புல்வெளியில் மூட்டம். கென்னட் சுண்ணாம்புப் பாறை ஊற்றுகளில் பிறக்கும் ஆறு. நிலத்தடி நீர் என்பதால் ஊற்றில் அதன் வெப்பம் வருஷம் முழுக்கப் 10 டிகிரியை ஒட்டியே இருக்கும். இலையுதிர்கால விடியலில் காற்று அதைவிடக் குளிர்ந்ததும், தண்ணீர் மேல் ஆவி எழுந்து முழங்கால் உயரத்தில் நகரும்.

பதிவு 4

உள்ளே கேட்கும் காலடிச் சத்தம் பற்றி. மாளிகையின் பெரும்பகுதி 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம், தளமும் உத்தரமும் மரம். பகலில் ஆள் நடந்து அழுந்திய பலகைகள் இரவில் ஒவ்வொன்றாக விடுபடும். சூடேற்றியை அணைத்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழாயும் ஆணியும் சுருங்கி ‘டக், டக்’ என்னும். நடையிலிருந்து இதைப் பிரிக்க ஒரே வழி இடைவெளியை அளப்பது: மனித நடையில் அரை நொடிக்கு ஒன்று, சீராக, மரச் சத்தத்தில் இடைவெளி போகப்போக நீளும்.

கருவிகளில் ஏமாறும் இடங்கள்: துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி காற்றை அளக்காது, குறிவைத்த சுவரைத்தான் அளக்கும். ‘குளிர்ப் புள்ளி’ பார்க்கக் காற்றில் தொங்கும் உணரி வேண்டும். வைத்த இடத்தில் 15 நிமிடம் நிலைக்க விட்ட பிறகே எண்ணைக் குறியுங்கள். சன்னல் இடுக்கில் காற்று வருகிறதா என்று பார்க்க ஊதுபத்தி ஏற்றாதீர்கள், புகை உணரி அலறிவிடும். மெல்லிய பஞ்சிழையைத் தொங்கவிடுங்கள். மின்காந்த மானி பக்கத்துக் கைபேசிக்கே துள்ளும், எல்லாக் கைபேசிகளையும் ‘ஃபிளைட் மோடில்’ வைத்த பிறகே மானியை இயக்க வேண்டும். ஒலிப்பதிவில் இருமல், நாற்காலி அசைவு எல்லாவற்றையும் அப்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். படத்தில் தெரியும் ஒளிவட்டங்கள் லென்சுக்கு மிக அருகில் மிதக்கும் தூசு மீது ஃபிளாஷ் பட்டது.

மார்பில் யாரோ உட்கார்ந்த கனம், கண் திறந்தும் உடம்பு அசையாமை: நம் ஊரில் அமுக்குவான் பேய் என்கிறோமே, அதேதான். உறக்க முடக்கம். மல்லாந்து படுத்தால் அதிகம் வரும், பயணக் களைப்பில் இன்னும் அதிகம். அனுபவம் பொய் என்று நான் சொல்லவில்லை; படுத்திருந்தீர்களா, எப்படி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

ஆக, பதிவில் வர வேண்டியவை: எந்த அறை, எந்தத் தளம், கடிகார நேரம், வெளியே காற்று, சூடேற்றி ஓடியதா, கூட இருந்தவர் தனியாக என்ன எழுதினார். கூடவே, டாரெல் கதையை அதற்கு முன்பே கேட்டிருந்தீர்களா என்பதும்.