சட்டை சரியாக உரியாத பாம்பு: கூண்டு ஈரப்பதம் பற்றி உங்கள் அனுபவங்கள்

கார்த்திகைப்பூ (டொராண்டோ)

பால் பைதான் (ball python, பந்து மாதிரிச் சுருண்டுகொள்கிற ஆப்பிரிக்க மலைப்பாம்பு) வளர்ப்பவர்களுக்குப் பின்னணி தேவையில்லை, நேரே விஷயத்துக்கு வருகிறேன். வேறு ஊருக்குக் குடிபோகிற ஒருவரிடமிருந்து குளிர்காலத்தில் ஒரு பெண் பாம்பை வாங்கிக்கொண்டேன். கண்ணாடித் தொட்டி, மேலே கம்பி வலை மூடி, அதன் மேல் வெப்ப விளக்கு, அடியில் ஆஸ்பென் மரச்சீவல். ராத்திரி பகலாக ஹீட்டர் ஓடுகிற வீட்டில் இது எல்லாம் சேர்ந்தால் தொட்டிக் காற்று வறண்டுபோகும் என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். உடம்பில் பழைய சட்டை திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருந்தது, வால் நுனியில் வளையமாக இறுகிப் போய் அதற்குப் பின்னால் இருந்த இடம் கறுத்திருந்தது. சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டிய கண் சவ்வும் ஒரு கண்ணில் உரியாமல் இருந்தது.

ஊர்வன பார்க்கிற மருத்துவரிடம் கொண்டு போனேன். வெதுவெதுப்பான ஈரத்துணி போட்ட பெட்டியில் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, கண்ணில் ஜெல் தடவி, பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே பஞ்சுக் குச்சியால் ஓரத்திலிருந்து நீவினார். ஒரு சவ்வு வந்தது. அடியில் இன்னொன்று இருந்தது, அதற்கும் அடியில் இன்னொன்று, வெங்காயச் சருகு மாதிரி. கடைசி ஏடும் வந்த பிறகு மேசை விளக்கு வெளிச்சத்தில் அந்தக் கண்ணின் கருமணி சட்டென்று சுருங்கியதைப் பார்த்தேன். அதுவரை அந்தப் பக்கம் கை நீட்டினால் அசையாமல் இருந்த பாம்பு, மருத்துவரின் விரலை நோக்கித் தலையைத் திருப்பியது. எவ்வளவு காலமாக அது அந்தக் கண்ணால் மங்கலாகவே பார்த்துக்கொண்டிருந்ததோ, அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவே இல்லை.

முன்பு வைத்திருந்தவர் அக்கறை இல்லாதவர் கிடையாது. தொட்டியில் ஒட்டியிருந்த ஈரப்பத மானி எப்போதும் 60 சதவீதம் காட்டியது, அதை அவர் நம்பியிருக்கிறார், அவ்வளவுதான். உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

தேம்ஸ்கரை

அக்கா, அந்த 60 பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். இங்கே லண்டனில் ஒரு கடையில் வட்ட முள் மானிகள் ஒரே கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒன்றில் 35, பக்கத்தில் இருப்பதில் 50, அதற்கடுத்து 70. எல்லாம் ஒரே கடையின் ஒரே காற்று. எனக்கு முன்னால் நின்ற பையன், பத்து வயது இருக்கும், முதல் பாம்பு வாங்க வந்திருக்கிறான், ஒவ்வொன்றாகப் பார்த்து 60 காட்டியதை எடுத்து, இதுதான் சரியா இருக்கு என்று அப்பாவிடம் கொடுத்தான். அப்பாவும் காசு கொடுத்துவிட்டார். நான் பின்னாலேயே போய்ச் சொன்னேன், அவர் நன்றி என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மாற்றினாரா தெரியாது.

டிஜிட்டல் மானியும் சோதித்துப் பார்க்காமல் நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டுச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள், ஈர மணல் பதம் வர வேண்டும், கரைந்து நீராகிவிடக் கூடாது. மானியையும் மூடியையும் ஒரு ஜிப் பைக்குள் வைத்து இறுக மூடி ஓர் இரவு விட்டுவிடுங்கள். நனைந்த உப்புக்கு மேலே இருக்கிற காற்று அறை வெப்பத்தில் 75 சதவீதத்தில்தான் நிற்கும். காலையில் மானி 70 என்றால் இனிமேல் எப்போது பார்த்தாலும் ஐந்து கூட்டிக்கொள்ளுங்கள், 60 என்றால் தூக்கிப் போட்டுவிடுங்கள். உப்பு சென்சார் மேல் படக் கூடாது.

டெக்சாஸ் மாமா

எல்லோரும் வறட்சியையே பேசுகிறீர்கள், நான் பார்த்தது எதிர்ப்பக்கம். நண்பர் ஒருவர் 80 இல்லாவிட்டால் பால் பைதான் செத்துவிடும் என்று எங்கோ படித்துவிட்டுக் காலை மாலை ஸ்ப்ரே அடித்துக்கொண்டிருந்தார். வலை மூடி முழுக்கப் பிளாஸ்டிக் உறை. கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்த பூஞ்சை நாற்றம் இன்னும் மூக்கில் இருக்கிறது. பாம்பு தலையை மேல் நோக்கித் தூக்கி வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி இருந்தது, மூச்சு விடும்போது ஒரு கிளிக் சத்தம், உதட்டோரம் நுரை. புரட்டிப் பார்த்தால் வயிற்றுச் செதில்கள் சிவந்து, சிலவற்றில் நீர்க்கொப்புளம். காப்பாற்ற முடியவில்லை.

அதனால் 70, 80 என்று எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். என் வீட்டில் சோளப் பாம்பும் (corn snake) இருக்கிறது, பால் பைதானும் இருக்கிறது, பைதான் தொட்டியில் மானி 50 காட்டுகிறது, தலையிலிருந்து வால்வரை ஒரே துண்டாகச் சட்டை கழற்றுகிறது. 50 போதும்.

கரையான்புற்று

மாமா, உங்கள் நண்பரின் பாம்புக்கு நடந்தது கொடுமை. ஆனால் அதைச் செய்தது 80 என்ற எண் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். தரை நனைந்து கிடந்தது, காற்று நகரவே இல்லை. வயிறு ராத்திரி பகலாக ஈரத்தில் கிடந்தால் செதில் அழுகும், எந்தப் பாம்பானாலும். மூச்சு நோய்க்கும் ஈரம் மட்டுமே காரணம் என்று எழுதாதீர்கள். பெரும்பாலும் குளிர்ந்த ஈரம், அழுக்கு, பாக்டீரியா எல்லாம் சேர்ந்துதான் வரும். அதோடு 2014இல் பால் பைதான்களில் கண்டுபிடித்த நிடோ வைரஸ் இருக்கிறது, அது வந்தால் எவ்வளவு சுத்தமாக வைத்தாலும் இதே நுரை, இதே கிளிக் சத்தம் வரலாம். அந்தப் பாம்புக்குச் சோதனை எடுத்தார்களா?

என் அனுபவம் சின்னதுதான். வெளியே மைனஸ் 10, ஜன்னல் முழுக்கப் பனி, வெளியில் காற்றின் ஈரப்பதம் 80 என்று வானிலை சொல்கிறது. உள்ளே மேசை மேல் இருந்த மானி அதன் குறைந்தபட்ச எண்ணான 10இல் நின்றுவிட்டது. மானி கெட்டுவிட்டது என்று நினைத்து உப்புச் சோதனை செய்தால் 75 சரியாகக் காட்டுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன், மைனஸ் 10இல் 80 சதவீதம் இருக்கிற காற்றை அப்படியே 22 டிகிரிக்குச் சூடாக்கினால் பத்துக்கும் கீழே வந்துவிடுகிறது. அந்தக் காற்றைத்தான் வலை மூடி வழியாகத் தொட்டி நாள் முழுக்க உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் விளக்கு வேறு, சூடான காற்று மேலே ஏறி ஈரத்தை எடுத்துக்கொண்டு போய்விடும். இந்த வறட்சியை ஸ்ப்ரே பாட்டிலால் ஜெயிக்க முடியாது. அடித்த கொஞ்ச நேரத்துக்கு 90 காட்டும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

பால் பைதான் கானா, டோகோ, பெனின் பக்கத்துப் பாம்பு. வறண்ட புல்வெளிதானே என்று நிறைய பேர் வாதம் செய்கிறார்கள். புல்வெளி வறண்டதுதான், ஆனால் பகலில் அது எலி வளையிலும் கரையான் புற்றிலும் கிடக்கிறது. சகாராவிலிருந்து காற்றடிக்கிற மாதங்களிலும் புற்றுக்குள் ஈரம் நிற்கும். மண் ஈரமாக இருக்கிறது, பாம்பு படுக்கிற இடம் சொதசொதப்பாக இல்லை. நாம் தொட்டிக்குள் செய்ய வேண்டியதும் இதுதான்.

தேங்காய் மட்டைத் துண்டும் நார்த்தூளும் கலந்து நாலு விரல் உயரத்துக்காவது போடுங்கள். அநேகமாக நீங்கள் வாங்குகிற நார்த்தூள் கட்டி பொள்ளாச்சியிலிருந்தோ இலங்கையிலிருந்தோதான் வந்திருக்கும், பையைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீரை மேலே தெளிக்காமல் நான்கு மூலைகளிலும் ஊற்றுங்கள். அது அடியில் போய்ப் பரவும், மேல் பரப்பு காய்ந்தே இருக்கும், கீழிருந்து ஈரம் மெல்ல ஏறிக்கொண்டே இருக்கும். கையை உள்ளே விட்டுப் பாருங்கள், விரல் நுனியில் ஈரம் தெரிய வேண்டும், உள்ளங்கையில் தெரியக் கூடாது. ஆஸ்பென் வேண்டவே வேண்டாம், நனைந்தால் பூஞ்சை பிடிக்கும். தேவதாரு வகை மரச்சீவல் எதுவும் கூடாது, அதன் எண்ணெய் பாம்புக்கு விஷம். வலை மூடியில் முக்கால் பங்கை மூடுங்கள், மிச்சம் திறந்தே இருக்கட்டும். சட்டை உரிக்கிற சமயத்தில், கண் நீலம் பாரித்ததும், ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் பாம்பு நுழைய ஓட்டை போட்டு, பிழிந்த ஸ்பாக்னம் பாசியை நிரப்பி வையுங்கள். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் நடுவில் ஒரு திரவம் சுரந்துதான் இரண்டும் பிரிகின்றன. உடம்பில் நீர் வற்றிய பாம்புக்கு அது எங்கிருந்து வரும்? தோல் ஒட்டிக்கொண்ட பிறகு ஊற வைப்பதை விட, ஒட்டாமல் பார்த்துக்கொள்வதே மேல்.

கடைசியாக மாமாவுக்கு ஒரு கேள்வி. உங்கள் 50ஐக் காட்டுகிற மானி எந்தப் பக்கம் இருக்கிறது, விளக்கு இருக்கிற வெப்பப் பக்கமா, குளிர்ந்த பக்கமா?

நீலகண்ணாடி

வலை மூடி என்றதும் எனக்கு ஒன்றுதான் ஞாபகம் வருகிறது. மீட்பு நிலையத்தில் உதவிக்குப் போன நாளில் ஒரு சோளப் பாம்பு வந்தது. ஈரம் தங்கட்டும் என்று யாரோ மூடியின் உள்பக்கமாகப் பெட்டி ஒட்டுகிற டேப்பை ஒட்டியிருக்கிறார்கள், ஓரம் பிரிந்து தொங்கியிருக்கிறது, பாம்பு அதில் சுற்றிக்கொண்டுவிட்டது. ஈரம் பட்டால் பசை விட்டுத்தானே போகும்? டேப்பை இழுத்த இடத்தில் செதிலோடு தோலும் வந்திருந்தது, இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. நாங்கள் எண்ணெய் விட்டு விட்டு, நகக்கண் அளவு நகக்கண் அளவாகப் பிரித்தோம். பாம்பு கடிக்கவே இல்லை.

தயவுசெய்து கூண்டுக்குள் எந்த டேப்பும் வேண்டாம். மூட வேண்டுமானால் வெளிப்பக்கம் அக்ரிலிக் தகடு வையுங்கள்.

கடற்காகம்

நான் இப்போது மெல்பர்னில் லைசன்ஸோடு ஒரு கார்பெட் பைதான் வைத்திருக்கிறேன், ஆனால் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை. மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறதே, 1978இல் தொடங்கியது, அங்கே பாம்புகளை மண் பானையில் வைத்திருப்பார்கள். உள்ளே மணல், வாயில் துணி கட்டியிருக்கும். கத்திரி வெயில் நேரம், எனக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஒருவர் துணியை அவிழ்த்துக் கொக்கியால் கண்ணாடிவிரியனை வெளியே எடுத்தார், விரியன் ஊதிய சத்தத்தில் கூட்டம் இரண்டடி பின்வாங்கியது. எடுத்தபோது அதன் தோல் அவ்வளவு பளபளப்பாக இருந்தது. விலை உயர்ந்த கண்ணாடித் தொட்டிகளில் மங்கிப்போன பாம்புகளைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விரியன்தான் கண் முன்னால் வருகிறது.

சுட்ட மண் நீரை உறிஞ்சி மெல்ல விடும். அதனால் நான் மறைவிடத்துக்குப் பூந்தொட்டியைத்தான் கவிழ்த்து வைக்கிறேன், வர்ணம் பூசாதது, ஓரத்தில் பாம்பு நுழைய வழி வெட்டி முனையைத் தேய்த்தது. கரையான்புற்று சொன்ன பிளாஸ்டிக் டப்பாவை விட இது நல்லது என்பேன், பாசி அழுகுகிற தொல்லை இல்லை.

இதைப் படித்துவிட்டு ஊரில் யாரும் சாரைப்பாம்பையோ மண்ணுளியையோ பிடித்துப் பானையில் வைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். இருளர் சங்கம் அரசு அனுமதியோடு பிடிக்கிறது, விஷம் எடுத்த பிறகு திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுகிறது.

டெக்சாஸ் மாமா

கரையான்புற்று, மானி வெப்பப் பக்கம்தான் இருக்கிறது, விளக்குக்குக் கீழே. அங்கே 32 டிகிரி. சோதனை எதுவும் எடுக்கவில்லை, அந்த வைரஸ் பற்றி அப்போது நாங்கள் யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் ஒன்று, புதிதாக வருகிறவனுக்கு 80 என்று சொன்னால் அவன் ஸ்ப்ரே பாட்டிலைத்தான் எடுப்பான். அடியில் ஈரம், மேலே காய்ந்த பரப்பு என்று அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கரையான்புற்று

அதை ஒத்துக்கொள்கிறேன் மாமா. உங்கள் கணக்கையும் பாருங்கள். 32 டிகிரியில் 50 சதவீதம் இருக்கிற காற்று அதே தொட்டியின் 25 டிகிரிப் பக்கம் போனால் 75 ஆகிவிடும், நீராவியின் அளவு மாறவே வேண்டாம். உங்கள் பாம்பு பகலில் எந்தப் பக்கம் கிடக்கிறது? குளிர்ந்த பக்கத்து மறைவிடத்தில் என்றால் அது 75இல்தான் வாழ்கிறது, ஒரே துண்டாகச் சட்டை வருவதும் அதனால்தான். இனிமேல் எண் எழுதுகிற எல்லோரும் எந்தப் பக்கம், எத்தனை டிகிரி என்று சேர்த்து எழுதினால் பாதிச் சண்டை இருக்காது. கடற்காகம், பூந்தொட்டி நல்ல யோசனை, அடியில் இருக்கிற துளையில் தலையை விட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க அதை அடைத்துவிடுங்கள்.

கார்த்திகைப்பூ (டொராண்டோ)

எல்லோருக்கும் நன்றி. என் மானி குளிர்ந்த பக்கம் 26 டிகிரியில் 72 காட்டுகிறது, உப்புச் சோதனை செய்தது. வால் நுனியில் கறுத்த இடம் உதிர்ந்துவிட்டது, மேலே பரவவில்லை. நீலகண்ணாடி, நீங்கள் டேப் பிரிக்க விட்டது என்ன எண்ணெய்? எங்கள் வட்டாரத்தில் ஒருவர் இப்போது அதே நிலைமையில் கேட்கிறார்.

நீலகண்ணாடி

சாதாரணச் சமையல் எண்ணெய்தான், ஆலிவ் எண்ணெய் இருந்தாலும் சரி. பசை பிடித்த ஓரத்தில் விட்டு ஊறட்டும், இழுக்கவே கூடாது, தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாகத்தான் பிரிக்க வேண்டும். தின்னர், பெட்ரோல் எதுவும் தொடக் கூடாது. கண்ணிலோ வாயிலோ ஒட்டியிருந்தால் வீட்டில் எதுவும் செய்யாமல் உடனே மருத்துவரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள்.