மறு: நண்டு நெபுலா படக்குறிப்பு: எச்சமா, சிதறலா?

அன்பர்களே,

கண்காட்சிப் பலகை திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எட்டு அங்குலத் தொலைநோக்கியில் மாணவர்கள் எடுத்த நண்டு நெபுலாப் படத்துக்குக் கீழே போட, ‘சூப்பர்நோவா ரெம்னன்ட்’ (விண்மீன் வெடித்தபின் மிஞ்சி நிற்கும் முகில்) என்பதற்கு ஒரு தமிழ்ச் சொல் முடிவாக வேண்டும்.

> எச்சம் என்றால் பிள்ளைகளுக்குக் காக்கை எச்சம்தான் நினைவுக்கு வரும். ‘வெடிப்புச் சிதறல்’ போதும்.

வினையெச்சம் படிக்கும்போது எந்தப் பிள்ளையும் காக்கையை நினைப்பதில்லையே. ‘தக்கார் தகவிலர்’ குறளில் எச்சம் என்பது ஒருவர் விட்டுச்சென்றது. 1054-இல் வெடித்துத் தெரிந்த விண்மீன் விட்டுச்சென்றதுதான் இதுவும். இலக்கணப் பொருள் இன்னும் நெருக்கம். ‘வந்து’ என்று நிறுத்தினால் வினை முடியாமல் நிற்கிறது. நண்டு நெபுலாவும் அப்படித்தான். நொடிக்குச் சுமார் 1,500 கி.மீ. வேகத்தில் இன்னும் விரிகிறது. பத்தாண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், சிவப்பு ஹைட்ரஜன் இழைகள் வெளியே நகர்ந்திருக்கும். நடுவே நொடிக்கு 30 முறை சுழலும் பல்சார், அதாவது வெடித்த விண்மீனின் சுருங்கிய கரு, இருக்கிறது; இழைகளுக்குள் தெரியும் நீலப் படலம் அதன் ஆற்றலில்தான் ஒளிர்கிறது. ‘சிதறல்’ என்றால் இதெல்லாம் விட்டுப்போகும். தவிர, இயற்பியல் பாடத்தில் ஒளிச்சிதறல் ஏற்கெனவே இருக்கிறது.

> சீனர்கள் இதை ‘விருந்தாளி விண்மீன்’ என்றார்கள். விருந்து என்றால் புதுமை, லத்தீனில் நோவா என்றாலும் புதியதே. ஆகவே ‘விருந்துமீன்’.

அழகான சொல். நூலுக்குரிய வனப்புகளில் ஒன்றாகத் தொல்காப்பியர் ‘விருந்து’ சொல்வதும் புதிதாகப் புனைவதைத்தான். 23 நாள் பட்டப்பகலிலும் தெரிந்த அந்த ஒளிக்கு இந்தப் பெயர் நன்றாகவே பொருந்தும். ஆனால் ‘விருந்துமீன் எச்சம்’ என்று எழுதினால் படிப்பவர் கண்ணில் சாப்பாட்டு இலைதான் வரும்.

> அப்படியானால் ‘மீயொளிர் விண்மீன் வெடிப்பு எச்சம்’. சூப்பர்நோவா என்று தமிழில் எழுதக் கூச்சமாக இல்லையா?

கூச்சம் இல்லை ஐயா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை பலகை முன்னால் நின்று நான்கு சொல்லையும் மூச்சுவிடாமல் சொல்ல வேண்டும். ஆக்சிஜனை ஏற்றுக்கொண்ட வாய்க்கு சூப்பர்நோவா கசக்காது. உங்கள் தொடரை விளக்கவரியில் ஒருமுறை போடுகிறேன்.

‘படம் அடுக்குதல்’ என்ற சொல்லுக்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. 16 படங்களை அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் (படத்தில் தெரியும் பொடிப்புள்ளிகள்) நாலில் ஒன்றாகும் என்ற வரியையும் சேர்த்துவிட்டேன்.

சரி, இப்போதைக்குப் பெரும்பான்மை ‘சூப்பர்நோவா எச்சம்’ பக்கம். சிதறல்காரர் இருவர் இன்னும் ஒப்பவில்லை. ஞாயிறு இரவுக்குள் வலுவான காரணம் வந்தால் மாற்றலாம். இல்லையென்றால் இப்படியே அனுப்புகிறேன்.