புதுப்பிப்பு: எல்சி3 மார்ட்டரில் முதல் நாள் வலிமைக் குறைவு (தீர்ந்தது)

கிளிங்கர் (சிமெண்ட் சூளையில் சுட்டெடுத்த கட்டி) 50, சுட்ட களிமண் 30, சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5 சதவீதம் கொண்ட எல்சி3 (சுண்ணாம்புக்கல்-சுட்ட களிமண் சிமெண்ட்) கலவை முதல் நாள் வலிமையில் சொதப்புகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

களிமண் சரியாகச் சுடப்படவில்லை என்ற சந்தேகம் நிற்கவில்லை, எக்ஸ்ஆர்டியில் (படிகங்களை அடையாளம் காணும் எக்ஸ்-கதிர் சோதனை) 12.3° அருகே, சுடாத களிமண்ணில் இருக்கும் கயோலினைட் கனிமத்தின் முகடே இல்லை. பலித்தது, "சல்ஃபேட் போதவில்லை, கலோரிமீட்டரில் போட்டுப் பாருங்கள்" என்ற பதில்தான். நீரேற்ற வெப்பத்தை அளக்கும் அந்தக் கருவியின் வரைபடத்தில், அலுமினேட் வினையின் முகடு சிலிகேட் வினையின் முகட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. சுண்ணாம்புக்கல்லைக் குறைத்து, சல்ஃபேட் தரும் ஜிப்சத்தை அரை அரை சதவீதமாகக் கூட்டியதில், 6.5-இல் அலுமினேட் முகடு பிரிந்து பின்னால் போனது. வலிமையும் தேறிவிட்டது.

எதிர்பாராதது: பிசிஇ (கலவையை இளக்கும் பாலிகார்பாக்சிலேட் ஈதர் சேர்பொருள்) சேர்த்ததும் சிலிகேட் முகடு தாமதமாகி, அலுமினேட் மறுபடி முந்திக்கொண்டது. கடைசியில் ஜிப்சம் 7-இல் நின்றது. ஆகவே ஜிப்சம் அளவை பிசிஇ போட்ட கலவையிலேயே முடிவு செய்யுங்கள். பிசிஇ இல்லாத வெறும் பேஸ்ட்டில் பார்த்த அளவு செல்லாது.

நுண்ணமைப்பு பார்ப்பவர்கள் நீரேற்றத்தை நிறுத்த 105° செல்சியஸ் அடுப்பில் வைக்க வேண்டாம், எட்ரிங்கைட் (நீரேற்றத்தில் உருவாகும் சல்ஃபேட் படிகம்) சிதைந்துவிடும். மெல்லிய வில்லைகளாக வெட்டி ஐசோப்ரொப்பனாலில் ஊறவைத்து, வெற்றிடத்தில் உலர்த்தினால் போதும். எக்ஸ்ஆர்டியில் தாமிரக் கதிரைப் பயன்படுத்தினால், நீரேற்றத்தில் உருவாகும் ஹெமிகார்போஅலுமினேட்டின் முகடு 10.8° அருகிலும், மோனோகார்போஅலுமினேட்டின் முகடு 11.7° அருகிலும் வரும்.