பொருள்: ‘ஸ்னூஸ்’ பொத்தானுக்குத் தமிழ் (வெள்ளிக்கிழமை கையேடு அச்சுக்குப் போகிறது)

கோவையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம். அலுவலக ஊழியர்களுக்கான மின்னஞ்சல் பயிற்சிக்குக் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். அடுத்த வாரம் பதில் போட வேண்டிய கடிதத்தை இவர்கள் இன்றே படித்துவிடுகிறார்கள். மறந்துவிடக் கூடாதே என்று அதைத் திரும்பவும் ‘படிக்காதது’ என மாற்றி வைக்கிறார்கள். இப்படியே சேர்ந்துகொண்டு போனால், காலையில் வந்த அவசரக் கடிதமும் வேண்டுமென்றே விட்டுவைத்த கடிதமும் ஒரே தடித்த எழுத்தில் நிற்கின்றன. எதை முதலில் தொடுவது என்றே தெரியாமல் போகிறது.

இதைத் தீர்க்கத்தான் ஸ்னூஸ். கடிகாரப் படத்தை அழுத்தி, திங்கள் காலை 9 மணி என்று கொடுத்தால் கடிதம் உள்பெட்டியை விட்டுப் போய்விடும். திங்கள் காலை தானாக மேலே வந்து நிற்கும். ஜிமெயிலில் 2018-லேயே வந்த வசதி. பயிற்சிக்கு வருபவர்களில் பலர் அதைத் தொட்டதே இல்லை, பெயர் புரியாததால்.

மூன்று வடிவம் வேண்டும்: பொத்தானுக்கு ஏவல், அந்தக் கடிதங்கள் இருக்கும் இடத்துக்கு ஒரு பெயர், வாக்கியத்தில் வரப் பெயரெச்சம். ‘உறக்கம்’ வேண்டாம். கணினியை உறங்க வைப்பதற்கு அதே கையேட்டில் அந்தச் சொல் வந்துவிட்டது.

திருச்சியிலிருந்து:

‘தூங்கவை’ இருக்க வேறெங்கே தேடுகிறீர்கள்? தூங்குதலுக்குக் கண்ணயர்தல் மட்டுமா பொருள்?

தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை (672)

காலம் தாழ்த்திச் செய்ய வேண்டியதைத் தாழ்த்தியே செய், உடனே செய்ய வேண்டியதில் தாமதிக்காதே. உங்கள் கையேட்டின் பாடம் முழுவதும் இந்த ஒன்றே முக்கால் அடியில் இருக்கிறது! வேரில் பார்த்தால் தூங்குதல் என்பது தொங்குதல். கூடு தொங்குவதால் தூக்கணாங்குருவி. வானில் தொங்கிய கோட்டை தூங்கெயில். அதை அழித்தவன் தொடித்தோட் செம்பியன் என்ற சோழன். வஞ்சிப்பாவின் ஓசைக்குத் தூங்கல் என்றே பெயர். கடிதமும் முடியாமல், அழியாமல் தொங்கிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் என்ன? 1956-இல் ஜெனரல் எலெக்ட்ரிக்-டெலிக்ரான் விற்ற ‘ஸ்னூஸ்-அலாரம்’ கடிகாரத்தில் இருந்த சொல்தானே இப்போது கடிதத்துக்கு வந்திருக்கிறது?

யாழ்ப்பாணத்திலிருந்து:

திருச்சி ஐயா சொன்னது எங்களுக்குப் புதிதில்லை. இங்கே நாங்கள் கொள்வது நித்திரை. கொடியில் போட்ட சேலைதான் தூங்கும். ஆனால் இதைப் படிக்கப் போகிறவர் கோவையில் இருக்கிறார். ‘கோப்பைத் தூங்கவை’ என்று மேலதிகாரி அச்சடித்துக் கொடுத்தால் அவர் என்ன நினைப்பார்?

மதுரையிலிருந்து:

நீதிமன்றத்துக்கு அன்றாடம் போய்வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதற்குச் சொல் ஏற்கெனவே இருக்கிறது: வாய்தா. வாய்தா போட்ட வழக்கு முடியவில்லை, தள்ளுபடியும் ஆகவில்லை. குறித்த நாளில் அதே எண்ணில் மறுபடி கூப்பிடுவார்கள். ஸ்னூஸ் செய்வதும் இதுவேதான். படிக்காதவர்களுக்கும் இந்தச் சொல் தெரியும்.

தஞ்சாவூரிலிருந்து:

அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல்லைப் புதிதாக ஒரு கையேட்டில் ஏற்ற வேண்டுமா? பழைய வழக்கில் இருப்பது இருக்கட்டும், நாமே தேர்ந்தெடுக்கும்போதாவது தமிழாக இருக்கட்டும். ‘தள்ளிவை’ எளிய சொல்.

மதுரையிலிருந்து:

அம்மா, ‘தள்ளிவைத்தல்’ ஊர்க் கட்டுப்பாட்டில் என்ன பொருளில் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்தச் சொல்லை ஒரு பொத்தானில் பார்க்க நான் விரும்பவில்லை.

தஞ்சாவூரிலிருந்து:

அது சரிதான். அந்தச் சொல்லை விட்டுவிடுகிறேன். வாய்தாவை ஏற்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து:

எங்கள் நீதிமன்றச் செய்திகளில் ‘வழக்கு தவணையிடப்பட்டது’ என்று எழுதுவார்கள். தவணையிடு, தவணையிட்டவை, தவணையிட்ட கடிதம். கோவை கேட்ட மூன்றும் வந்துவிட்டன. நாள் குறிப்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

கோவையிலிருந்து:

பக்கத்து அறையில் இருந்தவர்களிடம் ‘தவணையிடு’ என்று காட்டிக் கேட்டேன். வண்டிக் கடன், வீட்டுக் கடன் என்றுதான் சொன்னார்கள். இங்கே தவணை என்றால் மாதாமாதம் கட்டுவது. ‘ஒத்திவை’ என்றதும் கூட்டத்தை ஒத்திவைப்பது போலவா என்று உடனே கேட்டார்கள். பட்டனுக்கும் நீளம் சரியாக வருகிறது. ஒத்திவை, ஒத்திவைத்தவை, ஒத்திவைத்த கடிதம் என்று போட்டுவிடலாமா?

திருச்சியிலிருந்து:

வேர்ப்பொருள் தூங்கலுக்கு நிகராகாது. அவசரம் என்பதால் சரி.

தஞ்சாவூரிலிருந்து:

சரி.

மதுரையிலிருந்து:

எங்கள் பக்கம் ஒத்தி என்றால் மொத்தப் பணம் கொடுத்து வீட்டைப் பிடிப்பது. அதைக்கூட விட்டுவிடலாம், குழப்பம் வராது. என் மறுப்பு வேறு. சட்டமன்றத்தைத் ‘தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தார்’ என்று எத்தனை முறை படித்திருக்கிறோம்? ஒத்திவைக்க நாள் தேவையில்லை. இந்தப் பட்டனில் நாள் கொடுக்காமல் ஒன்றுமே நடக்காது. ஊழியருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டிய முக்கியமான விஷயமே அந்த நாள்தான். அது சொல்லுக்குள் இல்லை என்றால், ‘அப்புறம் பார்க்கலாம்’ என்பதற்கு இன்னொரு பெயர் வைத்ததாகிவிடும். வாய்தாவிலும் அது இருந்தது, யாழ்ப்பாணத்துத் தவணையிலும் இருந்தது.

கோவையிலிருந்து:

நீங்கள் சொல்வது எனக்கும் உறுத்துகிறது. படத்துக்குக் கீழே ‘நாள் குறித்து ஒத்திவைக்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். பட்டனில் அவ்வளவுக்கு இடம் இல்லை. நாளைக் காலை கோப்பை அச்சகத்துக்கு அனுப்புகிறேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

இங்கே பயன்படுத்தும்போது நான் ‘தவணையிடு’ என்றே மாற்றிக்கொள்வேன். மூலக் கோப்பையும் அனுப்பி வையுங்கள்.